யானை, சட்டை, பாலம், எலுமிச்சை, மஞ்சள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், வெறும் வயிற்றில் கிடைத்தது. கொழுப்பு அளவு பார்க்க வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பசி வந்தால் எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஒரு கணவன் மனைவியைப் பார்த்தும் வந்தது. அந்த அம்மாள் ஓயாமல் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். எரிச்சலோடுதான் காது கொடுத்தேன்.

"யானை என்ன போட்டிருக்கு?"

"மஞ்சள் சட்டை."

"எங்க நிக்குது?"

"பாலத்து மேல."

"நின்னுகிட்டு?"

"எலுமிச்சை விக்குது."

"அவ்வளவுதான். கேட்டா டக்குனு சொல்லுங்க. யோசிக்காதீங்க."

பசி போன இடம் தெரியவில்லை. அவர்களை ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள், என்னை இன்னொரு அறைக்குக் கூப்பிட்டு ஊசி குத்தினார்கள். வெளியே வந்தபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. யானையை மட்டும் நான் உண்டாக்கவில்லை.

(என் கொழுப்பும் கொஞ்சம் அதிகம்தான். அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.)

2

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று முறை ஆரம்பித்தேன். முதல் ஆரம்பம் இது:

"ஊரின் மொட்டைமாடிகள் அத்தனையும் காலடியில் கிடக்க, மேகத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த அவருக்குக் கீழே நகரும் மனிதர்கள்"

இங்கே நின்றுவிட்டது. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே நகரும் மனிதர்கள் எப்படித் தெரிவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஆளின் தொழிலை மட்டும் அந்த வாக்கியத்திலிருந்து காப்பாற்றி எடுத்துக்கொண்டேன். கட்டிடம் கட்டும் இடங்களில் வானத்துக்கு நிற்கிறதே, அந்த டவர் கிரேனை ஓட்டுகிறவர் அவர். வேலை நடக்கும் இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மேல இருக்கறவர் பாத்துக்குவார்" என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இங்கே எல்லோருக்கும் பக்தி ஜாஸ்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது ஆரம்பம்:

"கெட்ட கொழுப்பு என்றொரு வில்லனும் நல்ல கொழுப்பு என்றொரு கதாநாயகனும் ஒரே ரத்தக்குழாயில்"

இதை நானே அடிக்கவில்லை. எனக்கு ஒரு நரம்பு டாக்டர் சிநேகிதி. கதையில் வைத்தியம் வருகிறதே, தப்பு நேர்ந்துவிடக் கூடாதென்று அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஒரு கதாபாத்திரத்துக்கு கெட்டவன்னு பேர் வெச்சா உன்னை யாராவது எழுத்தாளர்னு சொல்வாங்களா?" என்றார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். கொழுப்பு கழுத்துக்குழாயின் உட்சுவரில் படியும். படிந்ததில் ஒரு துணுக்கு உடைந்தோ, அதன்மேல் உறைந்த ரத்தம் பெயர்ந்தோ மேலே போய் அடைத்தால் மூளையில் ஒரு பகுதி ரத்தமில்லாமல் சாகும். அதுதான் பக்கவாதம். கை திரும்பி வரும், பேச்சு திரும்பி வரும், வீட்டில் எல்லோரும் அப்பாடா என்பார்கள். ஞாபகம் அதற்குப் பிறகும் மெல்ல மெல்ல உதிரலாம்.

"அப்ப கொழுப்பைக் குறைச்சா ஞாபகம் நிக்குமா?" என்று கேட்டேன்.

"அடுத்த அடைப்பு வர்ற ஆபத்து குறையும். அது நிச்சயம். ஞாபகத்தை எவ்வளவு காப்பாத்தும்னு கேட்டா, ஆராய்ச்சிகள் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு நிக்குது. உன் கதைக்குத் தோதா ஒரு பதில் என்கிட்ட இல்லை."

இவரையே கதைக்குள்ளும் டாக்டராகப் போட்டிருக்கிறேன். அதனால் அவ்வப்போது கதைக்கு வெளியிலிருந்தும் மூக்கை நுழைப்பார். நுழைத்த இடங்களை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

மூன்றாவது ஆரம்பம்தான் நின்றது. அது கீழே.

3

டீச்சர் வீட்டு முன்னறையில் ஒரு வெள்ளைப் பலகை, நான்கு நீள பெஞ்சு, வாசலில் எப்போதும் ஒரு செருப்புக் குவியல். மற்ற டியூஷன்களில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். டீச்சர் பரீட்சை சொல்லிக்கொடுத்தாள். எந்தக் கேள்வி எந்த வருஷம் வந்தது, எது திரும்ப வரும், எதற்கு எத்தனை வரி எழுதினால் திருத்துகிறவர் கை மார்க் போடும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த மரமண்டையையும் டீச்சர் கரையேற்றிவிடுவாள் என்று பெற்றோர்களுக்குள் பேச்சு. அது உண்மைதான். கரையேறிய மண்டைக்குள் ஏதாவது ஏறியதா என்று யாரும் கேட்டதில்லை, டீச்சரும் கேட்டதில்லை.

கிரேன்காரர் அவள் கணவர். அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவருடைய வலது கை சட்டைப் பொத்தானைப் பிடிக்க மறுத்தது. "டீச்சர், இந்தப் பொத்தான்" என்று ஆரம்பித்தவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். பிறகு அலறினாள். அடுத்த தெருவிலிருந்த அவள் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் கை பிழைத்தது, பேச்சும் பிழைத்தது. ரத்தத்தைப் பார்த்த டாக்டர் கொழுப்பு தாறுமாறாக இருக்கிறது என்று சொல்லி, நாள் தவறாமல் சாப்பிட ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

"மாமாவுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு எங்க சைட்டுல எல்லாருக்கும் முன்னாடியே தெரியுமே," என்றான் தம்பி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த கிரேன்காரர் கோணல் வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் டீச்சருக்கு மூச்சே வந்தது.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவனும் அதே இடத்தில்தான் வேலை. சுமையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மேலே இருப்பவருக்குக் கையால் சைகை காட்டுகிறவன். ஏற்று, இறக்கு, திருப்பு, நிறுத்து. மேலே இருப்பவர் கை தவறினால் முதலில் அடிபடுவது அவன்தான். மாமா ஓட்டும்போது அவன் அண்ணாந்து பார்த்ததே குறைவு. மாமாவுக்குப் பதிலாக வந்திருக்கும் ஆள் சுமையை ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறான் என்பது அவனுடைய தினப்படிப் புலம்பல்.

4

சில மாதங்கள் கழித்து டாக்டர் ஒரு ஞாபகச் சோதனை வைத்தார். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, நடுவில் வேறு வேலை கொடுத்து, கொஞ்ச நேரம் பொறுத்து அந்த வார்த்தைகளைத் திருப்பிக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஐந்து வார்த்தைகளில் கிரேன்காரருக்கு ஒன்றுதான் நின்றது.

"மஞ்சள்," என்றார். மற்ற நாலும் எங்கே போயின என்று கூரையில் தேடினார்.

மூலையில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு ஐந்தும் நின்றன. அவளுக்கு அது பழக்கம். ஒரு கேள்வித்தாளை ஒரு தடவை பார்த்தால் போதும்.

"அடுத்த டெஸ்ட் எப்ப டாக்டர்?" என்று கேட்டாள்.

"இது பரீட்சை இல்லைங்க. இவருக்கு எங்க உதவி தேவைப்படுதுன்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், ரத்தமும் எடுத்துட்டு வாங்க. இரண்டையும் பாத்துட்டு வேலைக்குப் போகலாமான்னு சொல்றேன்."

முதல் இரண்டு வாக்கியங்கள் டீச்சரின் காதில் ஏறவில்லை. கடைசி வாக்கியம் மட்டும் ஏறியது. அதாவது பாஸ் ஆனால் வேலை.

டீச்சருக்கு அவர் மேல் உயிர். இதைச் சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது, இல்லாவிட்டால் அடுத்து அவள் செய்வதைப் படித்து நீங்கள் அவளைத் திட்டுவீர்கள். காலமெல்லாம் ஊருக்கு மேலே உட்கார்ந்திருந்த மனுஷன் இப்போது டியூஷன் அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வந்தால் கால்களை ஒடுக்கிக்கொண்டு இடம் விட்டார். அப்படி அவர் கால் ஒடுக்கும்போதெல்லாம் அவள் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரை எப்படியாவது மறுபடி மேலே ஏற்றிவிட வேண்டும். பரீட்சைதானே நடுவில் நிற்கிறது? பரீட்சை அவளுக்குக் கை வந்த விஷயம்.

பிள்ளைகள் போன பிறகு தினமும் அவருக்கு வகுப்பு நடந்தது. யானை, சட்டை, பாலம், எலுமிச்சை, மஞ்சள். தனித்தனியாக நிற்காததால் கதையாகக் கோர்த்துக் கொடுத்தாள். நூறிலிருந்து ஏழைக் கழிப்பது வாய்ப்பாடாக மாறியது. தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. அவர் கழிக்கவில்லை, பாடினார். கடிகாரம் ஒன்பதே கால் காட்டியது. வேறு எந்த மணியும் காட்டத் தேவையிருக்கவில்லை.

மாத்திரையில்தான் அவள் சறுக்கினாள். ஒரு பையனின் அம்மா சொன்னாள், கொழுப்பு மாத்திரை மறதியைக் கொடுக்குமாம். டீச்சர் போனில் தேடினாள். மூளையில் பெரும்பங்கு கொழுப்புதான் என்று ஒருவர் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை மூளையை விட்டுவைக்குமா என்று கண்ணை உருட்டிக் கேட்டார். டீச்சருக்கு அது நியாயமாகப் பட்டது. ஞாபகப் பரீட்சை முடிகிற வரைக்கும் மாத்திரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள்.

(டாக்டர் சிநேகிதி: இந்த இடத்துல கதையை நிறுத்திட்டு நான் பேசணும். அந்த மாத்திரையால மந்தமா இருக்குன்னு சில பேர் சொல்றது உண்மை. பெரிய அளவுல பாத்த ஆராய்ச்சிகள்ல அது மூளையை மழுக்கறதாத் தெரியலை. பக்கவாதம் வந்தவர் தானா நிறுத்தினா அடுத்தது வரலாம். சந்தேகம் இருந்தா என்கிட்ட வந்து கேட்கணும், போன்ல கண்ணை உருட்டறவன்கிட்ட இல்லை. இதை எடுத்துட்டேன்னா உன் கதையை இனிமே படிக்க மாட்டேன்.)

எடுக்கவில்லை.

5

சோதனை நாளன்று கிரேன்காரர் முழு மார்க் வாங்கினார். டாக்டர் ஐந்து வார்த்தைகளைக் கேட்டு முடிப்பதற்குள் வரிசையாகக் கொட்டினார். தேதி கேட்டபோதும் தடுமாறவில்லை. கதவுக்கு வெளியே டீச்சர் அதைத்தான் கடைசியாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். டாக்டர் புருவத்தை உயர்த்தி, "பரவாயில்லையே!" என்றார். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. மாநிலத்தில் முதலாவதாக வந்த பையனின் பக்கத்தில் நிற்பதுபோல நின்றாள்.

அப்புறம் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். முகம் மாறியது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?"

"சாப்பிடறாருங்க."

"அப்படின்னா கொழுப்பு இப்படி ஏறியிருக்காதே. அளவைக் கூட்ட வேண்டியதுதான்," என்று பேனாவை எடுத்தார்.

பேனாவைப் பார்த்ததும் டீச்சர் பயந்துபோனாள். சொல்லிக்கொடுத்தால் யானை சட்டை போட்டுக்கொள்ளும், ரத்தம் அவள் சொல்படி கேட்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான்தான் நிறுத்திட்டேன் டாக்டர். மறதி வரும்னு சொன்னாங்க," என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். ஏன் நிறுத்தக் கூடாது என்று நிதானமாகச் சொன்னார். கடைசியில், "பயந்துகிட்டு மறைச்சிருந்தீங்கன்னா நான் தப்பா மருந்து கொடுத்திருப்பேன். உண்மையைச் சொன்னீங்க பாருங்க, அது போதும். உங்களை மாதிரி ஆள் கூட இருந்தா அவருக்கு என்ன குறை?" என்றார்.

பாதி உண்மைக்கு முழுப் பாராட்டு கிடைத்துவிட்டது. மீதிப் பாதியை அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மறுபடி மாத்திரை, மறுபடி ரத்தம், அது இறங்கியதும் வேலைக்குத் தகுதி என்று கடிதம் தருகிறேன் என்றார் டாக்டர்.

6

(டாக்டர் சிநேகிதி: நான் என்ன மாங்கா மடச்சியா? முதல்ல ஒரு மார்க் வாங்கினவர் இப்ப முழுசா வாங்கினா எனக்குச் சந்தேகம் வராதா? வேற வார்த்தைகள் இருக்கற தாளை எடுத்திருப்பேன்.

நான்: எடுத்தால் கதை இங்கேயே முடிந்துவிடும்.

டாக்டர் சிநேகிதி: முடியட்டுமே. அந்தாளு பத்திரமா இருப்பாரு.

நான்: வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் அன்றைக்கு?

டாக்டர் சிநேகிதி: ...சரி. மேசையில இருந்த தாளையே எடுத்திருப்பேன். ஆனா இதை மட்டும் பாத்து யாரையும் கிரேன்ல ஏத்த மாட்டேன். கண்ணு, கை பலம், நடை, தலைசுற்றல் எல்லாம் பாத்தேன்னு எழுது.)

எல்லாம் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தது. சிநேகிதி அந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்தார். அவர் மனசில் ஏதோ ஒரு நோயாளி வந்து போயிருக்க வேண்டும், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டீச்சரைக் குறித்தும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரிக்கு, பாடம் சொல்லிக்கொடுத்து வாங்கிய மார்க்கை நம்பக் கூடாது என்று தெரியாதா? யோசித்துப் பார்த்தேன். தெரியாமல் இருக்காது. ஆனால் அவள் வாழ்க்கையில் அதை நம்பாதவர் ஒருவரைக்கூட அவள் சந்தித்ததில்லை. பெற்றோர் நம்பினார்கள், பள்ளிக்கூடம் நம்பியது, வேலை கொடுத்தவர்கள் நம்பினார்கள். அவள் மட்டும் ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்?

7

மாத்திரை வேலை செய்தது. ரத்தத்தில் கொழுப்பு மளமளவென்று இறங்கியது. பரிசோதனைத் தாள் கைக்கு வந்த அன்றைக்கு மத்தியானமே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். வந்ததும் வராததுமாக முன்னறையின் நடுவில் நின்று, "மாமா, ரெடியா?" என்று கையைத் தூக்கிச் சைகை காட்ட ஆரம்பித்தான்.

கிரேன்காரர் கடைசி பெஞ்சிலிருந்து நிமிர்ந்தார். தம்பி கட்டைவிரலை உயர்த்தினால் இவர் கை, அங்கே இல்லாத ஒரு நெம்புகோலை இழுத்தது. தம்பி கையை விரித்தால் நிறுத்தியது. வேகமாகக் காட்டினான், மாற்றிக் காட்டினான், ஏமாற்றிக் காட்டினான். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. டீச்சர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனுக்கா மறதி என்று நெஞ்சு நிறைந்தது.

"கில்லாடி மாமா நீங்க," என்று தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். "ஒண்ணு சொல்லணும். நீங்க இல்லாதப்ப மேற்குப் பக்கம் சுவர் எழும்பிடுச்சு. அந்தப் பக்கம் ஆளுங்க வேலை செய்யறாங்க. நானும் இப்ப அந்தச் சுவர் ஓரமாத்தான் நிக்கறேன். மேற்கால திருப்பவே கூடாது. கிழக்கால சுத்தித்தான் கொண்டு வரணும்."

"சரி, மேற்கால கூடாது," என்றார் கிரேன்காரர்.

"மேற்கால கூடவே கூடாது."

"அதான் சொல்லிட்டியே, கூடாது."

டீச்சர் காபி போட்டுக் கொண்டுவந்தாள். பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்பியது. இரும்புக் கட்டுகளை எப்படி இறக்குவார்கள் என்று டீச்சர் சும்மா ஒரு வார்த்தை கேட்டாள். கிரேன்காரர் உற்சாகமாகக் கையை நீட்டி விளக்கினார்.

"லாரியிலிருந்து தூக்கினதும் அப்படியே மேற்கால ஒரு திருப்பு. அந்தப் பக்கம் வெட்டவெளி பாரு, சுளுவா வரும்."

தம்பி காபியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "பழக்கதோஷம் மாமா. கிழக்கால, கிழக்கால."

"ஆமா, கிழக்கால," என்று அவரும் சிரித்தார். ஆனால் எதற்காகக் கிழக்கு என்பது அவர் கண்ணில் இல்லை. தம்பி அதைக் கவனிக்கவில்லை. மனப்பாடம் செய்த பையன் அர்த்தம் புரியாமல் விழிக்கும் பார்வையை வருஷக்கணக்காகப் பார்த்தவள் டீச்சர். அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

8

தம்பி போனதும் அவள் கிரேன்காரருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு விளையாட்டு விளையாடலாமாங்க? நான் அஞ்சு வார்த்தை சொல்றேன். ரயில், கத்தரிக்கோல், மழை, நாற்காலி, பச்சை."

"ரயில், கத்தரிக்கோல், மழை, நாற்காலி, பச்சை," என்று அவர் உடனே திருப்பிச் சொன்னார். அவளுக்கு உயிர் வந்தது.

துணி மடிக்கலாம் வாங்க என்றாள். இருவரும் ஒரு புடவையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்தார்கள். அவர் முனைகளைச் சரியாகச் சேர்த்தார். கை அவ்வளவு நன்றாக வேலை செய்தது. கடைசி மடிப்பு முடிந்ததும் அவள் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் சொன்ன அஞ்சு வார்த்தை என்னங்க?"

அவர் முகம் மலர்ந்தது. பதில் தெரிந்த பையன் கையை உயர்த்துகிற சந்தோஷம்.

"யானை, சட்டை, பாலம், எலுமிச்சை, மஞ்சள்!"

டீச்சர் புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"முழு மார்க்குதானே டீச்சர்?"

"முழு மார்க்குங்க," என்றாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

(இந்த இடத்தை எழுதிவிட்டு நானும் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து அந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கப் பார்த்தேன், அழுகை ஜாஸ்தி என்று தோன்றியது. அடிக்கவில்லை. அவள் அழுதாள்தான், நான் என்ன செய்ய?)

9

முடிவுகள் என்னிடம் சில இருந்தன.

முதல் முடிவில் சுமை விழுகிறது. "இரும்புக் கட்டு மேற்குப் பக்கம் திரும்பியது, சுவர் ஓரத்தில் தம்பி அண்ணாந்து" என்பது வரை எழுதினேன். எழுதுகிறவனுக்கு இதைப்போலச் சுலபமான வேலை கிடையாது. பேனாவைச் சாய்த்தால் சுமை விழுந்துவிடும். டீச்சருக்குப் பாடம் புகட்டுவதற்காக ஒரு ஆளைக் கொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. தம்பியை எனக்குப் பிடித்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.

இரண்டாவது முடிவில் கிரேன்காரரே அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். "எனக்கே தெரியுது டீச்சர். சொன்னது நிக்க மாட்டேங்குது. என்னை ஃபெயில் பண்ணிடு," என்கிறார். இதை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ரொம்ப நன்றாக வந்திருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன். சிநேகிதியிடம் காட்டினேன்.

"சில பேருக்குத் தெரியும். நிறைய பேருக்குத் தனக்கு மறதின்னே தெரியாது. மறந்ததையே மறந்திருப்பாங்க. உன் ஆள் எப்படி?" என்றார்.

என் ஆள் எப்படி என்று எனக்குத் தெரியும். புடவை மடித்துவிட்டுச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது. அவரே கேட்டுக்கொண்டார் என்றால் டீச்சர் தப்பித்துவிடுவாள், நானும் தப்பித்துவிடுவேன். எனவே அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் டாக்டர் தானாகவே வேறு தாளை எடுக்கிறார். இதைச் சிநேகிதியின் மனத்திருப்திக்காக எழுதினேன். அவரே, "வேண்டாம், வெளியில நிறைய பேர் காத்திருக்காங்க," என்று சொல்லிவிட்டார்.

அப்படியென்றால் கடைசியில் மிஞ்சுகிறவள் டீச்சர்தான்.

10

ஆஸ்பத்திரி நடைபாதை. ரத்தம் நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் டீச்சர் கையில் இருக்கிறது. கிரேன்காரர் நடைபாதையின் அந்தக் கோடியில், மருந்து வாங்குகிற வரிசையில் நிற்கிறார். முன்னால் நிற்பவரிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். புதுச் சட்டை. பொத்தான்களை அவரே போட்டுக்கொண்டார். முதுகு நிமிர்ந்திருக்கிறது.

தம்பி வேலைக்கு நடுவில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். தலைக்கவசம் அக்குளில், முழங்கை வரைக்கும் சிமென்ட்.

"கொடுக்கா. சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ்ல கொடுத்துட்டா நாளைக் காலையிலயே மாமா மேல. அந்த ஊஞ்சல்காரனை அனுப்பிடுவாங்க. எனக்கு இனிமே நிம்மதி."

கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். டீச்சருக்குப் பின்னால் டாக்டர் அறையின் கதவு இன்னும் சாத்தப்படவில்லை. அடுத்து உள்ளே போக வேண்டியவர் இப்போதுதான் நாற்காலியிலிருந்து எழுந்து கைத்தடியைத் தேடுகிறார்.

கதவைத் தாண்டி மூன்று எட்டு வைத்தால் டாக்டர். சொன்னால் கிரேன்காரருக்கு மறுபடி கடைசி பெஞ்ச், மறுபடி பிள்ளைகளுக்காகக் கால் ஒடுக்கல். எதற்காகத் தன்னை மேலே ஏற்றவில்லை என்று தினமும் கேட்பார், தினமும் புதிதாகச் சொல்ல வேண்டும். எதையோ மறைத்து வைத்திருந்தாளே என்று டாக்டர் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. சொல்லாவிட்டால் இது ஒன்றும் இல்லை. எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்.

"என்னக்கா, கொடு."

"தம்பி, மாமாவுக்கு"

இதற்கு முன்னால் இந்தக் கதையில் நான் பாதியில் விட்ட வாக்கியங்கள் எல்லாம் எனக்கு எழுதத் தெரியாததாலோ பிடிக்காததாலோ நின்றவை. இது அப்படியில்லை. அவள் வாயைத் திறந்துவிட்டாள், அடுத்த வார்த்தையை நான் போட மாட்டேன். நான் போட்டால் நீங்கள் அவளைப் பாராட்டிவிட்டோ திட்டிவிட்டோ புத்தகத்தை மூடிவிடுவீர்கள். உங்கள் வீட்டிலும் நீங்கள் உயிரை வைத்திருக்கும் ஒருவர் இருப்பார். அவருக்காக நீங்களும் எங்கேயாவது முழு மார்க் போட்டிருப்பீர்கள். எனவே வாக்கியத்தை நீங்களே முடியுங்கள். நிதானமாக முடியுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் நாளைக் காலை தம்பி அந்தச் சுவர் ஓரத்தில் நிற்பான்.